வரலாற்றுப் போர் விளையாட்டும் சீருடையும்: பிள்ளைகளும் பெற்றோரும் அறிய வேண்டியவை

பிரிட்டனில் வாழும் நம் குடும்பங்களிலிருந்து அண்மைக் காலமாக ஒரு கேள்வி வருகிறது. "மகன் ஏர்சாஃப்ட் என்று ஒரு விளையாட்டுக்குப் போகிறான். இப்போது இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சீருடை வேண்டும் என்கிறான். பழைய துப்பாக்கி போன்ற ஒன்றையும் வாங்க வேண்டுமாம். இது என்ன? அனுமதிக்கலாமா? இவ்வளவு செலவு தேவையா?" இதுதான் அந்தக் கேள்வி. பிள்ளைகளின் கேள்வி வேறு மாதிரியானது. "எதை வாங்குவது? எது அந்தக் காலத்துக்குச் சரி?" என்கிறார்கள்.

இரண்டுக்கும் சேர்த்தே இங்கே விளக்க முயல்கிறோம். வரலாற்றுப் போர் விளையாட்டுக்கு உடையும் கருவியும் சேர்ப்பது கடைக்குப் போய்ச் சாமான் வாங்கும் வேலை மட்டுமல்ல. யாருடைய சீருடையை நாம் அணிகிறோம், அந்த மனிதர் யார், எங்கே நின்றார், எதற்காக நின்றார் என்று தேடும் வேலை அது. அந்தத் தேடலைச் சரியாகச் செய்தால் வீண் செலவு குறையும், வரலாறும் கைக்கு வரும். செய்யாவிட்டால் அது வெறும் மாறுவேடமாகிவிடும்.

ஏர்சாஃப்ட் என்பது என்ன?

1970களில் ஜப்பானில் தோன்றிய விளையாட்டு இது. உண்மையான துப்பாக்கிகளைப் பொதுமக்கள் வைத்திருக்க அந்நாட்டில் கடுமையான தடை உண்டு. எனவே தோற்றத்தில் துப்பாக்கி போலவும், சுடுவது சிறு பிளாஸ்டிக் உருண்டையாகவும் உள்ள பொம்மைத் துப்பாக்கிகள் அங்கே உருவாயின. அந்த உருண்டையின் விட்டம் 6 மில்லிமீட்டர். எடை 0.20 கிராம், 0.25 கிராம் என்ற அளவில் இருக்கும். ஸ்பிரிங், வாயு, மின்மோட்டார் ஆகிய மூன்றில் ஒன்றால் இது இயங்கும்.

வேகத்தை அடியிலும், ஆற்றலை ஜூலிலும் அளக்கிறார்கள். 0.20 கிராம் உருண்டை விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் 1 ஜூல். உடலில் பட்டால் சுளீரென்று வலிக்கும், தோல் சிவக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இந்த ஒரு வரியைப் பெற்றோர் மறக்கக்கூடாது.

பெயின்ட்பாலில் சாயக்கறை ஒட்டுவதால் யார் அடிபட்டார் என்று தெரிந்துவிடும். ஏர்சாஃப்டில் அப்படி எந்த அடையாளமும் இராது. அடிபட்டவரே கையை உயர்த்தி "ஹிட்" என்று சொல்லி விலக வேண்டும். விளையாட்டு முழுவதும் ஆட்டக்காரரின் நேர்மையை நம்பியே நடக்கிறது.

வழக்கமான ஆட்டங்களில் எந்த உடையும் அணியலாம், எந்தக் காலத்துத் துப்பாக்கியையும் ஏந்தலாம். வரலாற்று ஆட்டங்கள் அப்படி அல்ல. இரண்டாம் உலகப்போர், வியட்நாம் போர் என ஒரு காலத்தை முடிவு செய்து, அந்தக் காலத்து உடை, பை, துப்பாக்கி இவற்றோடுதான் உள்ளே வர வேண்டும் என்று நடத்துநர்கள் விதிப்பார்கள். எவ்வளவு கண்டிப்பு என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஆகவே எதையும் வாங்குமுன் அந்த ஆட்டத்தின் விதிப்பட்டியலை வாங்கிப் படிப்பதே முதல் வேலை.

முதலில் ஆள், பிறகுதான் உடை

புதியவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியில் தொடங்குகிறார்கள். பிடித்த ஒன்றை வாங்கிவிட்டு அதற்கேற்ற உடையைத் தேடுகிறார்கள். இதனால்தான் 1940இன் தொப்பியும் 1945இன் பையும் 1950களின் காலணியும் ஒரே உடலில் வந்து சேர்கின்றன.

சரியான வழி மூன்று கேள்விகளில் தொடங்குகிறது. எந்தப் படைப்பிரிவு? எந்த இடம்? எந்த மாதம், எந்த ஆண்டு? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மற்றவை தாமாகவே வந்து சேரும்.

பிரிட்டனில் இப்படிப்பட்ட ஆட்டம் என்றதும் நார்மண்டிக் கடற்கரையும் அமெரிக்கப் பாராசூட் வீரரும்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அந்தப் போரில் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 25 இலட்சம் பேர். பர்மாவில் போரிட்ட பிரிட்டனின் 14ஆம் படையில் பெரும்பான்மையோர் இந்தியர்கள். கிழக்கு, மேற்கு ஆப்பிரிக்க வீரர்களும் அதில் இருந்தார்கள். 2013இல் லண்டனிலுள்ள தேசிய இராணுவ அருங்காட்சியகம் நடத்திய வாக்கெடுப்பில், பிரிட்டன் போரிட்ட போர்களிலேயே மிகச் சிறந்ததாக இம்பால், கோஹிமா போர்களே தேர்வாயின.

எனவே நாம் ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். பர்மாப் போர்முனை, இம்பால், ஏப்ரல் 1944. படைப்பிரிவு 5ஆவது இந்திய டிவிஷன். அதில் 9ஆவது ஜாட் ரெஜிமென்டின் 3ஆவது பட்டாலியன்.

ஏன் இந்தப் பட்டாலியன்? அதில் அப்துல் ஹஃபீஸ் என்ற ஜமேதார் இருந்தார். 1944 ஏப்ரல் 6 அன்று இம்பாலுக்கு வடக்கே பத்து மைல் தொலைவில், ஜப்பானியர் பிடித்திருந்த ஒரு குன்றைத் தாக்கும்படி அவருடைய பிளட்டூனுக்குக் கட்டளை வந்தது. மறைவே இல்லாத சரிவில், பிறகு செங்குத்தான பாறையில் ஏறி அவர் தம் வீரர்களை முன்னின்று நடத்தினார். காலில் குண்டு பட்டது. சுட்டுக்கொண்டிருந்த இயந்திரத் துப்பாக்கியின் குழலைக் கையால் பற்றினார், உடன் வந்த வீரர் அதை இயக்கியவரை வீழ்த்தினார். காயம்பட்ட ஒரு வீரரிடமிருந்த பிரென் துப்பாக்கியை எடுத்து மேலும் முன்னேறினார். மார்பில் மீண்டும் காயம் பட்டு அங்கேயே உயிர் நீத்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருக்கு இறப்புக்குப் பின் வழங்கப்பட்டது. இம்பாலிலுள்ள இந்திய இராணுவப் போர்க் கல்லறையில் அவர் அடங்கியிருக்கிறார்.

ஒரு பிள்ளை இந்தச் சீருடையைத் தேர்ந்தெடுத்து, "இது யாருடையது?" என்று களத்தில் யாரேனும் கேட்கும்போது இந்த வரலாற்றைச் சொன்னால், அவன் செய்த செலவுக்கு ஒரு பொருள் உண்டு.

உடையும் தலைக்கவசமும்

இந்தியப் படையின் பழைய நிறம் காக்கி. 'காக்' என்றால் உருதுவிலும் பாரசீகத்திலும் மண், புழுதி. பாலை நிலத்துக்குப் பொருந்திய அந்த நிறம் பர்மாக் காட்டில் எதிரிக்கு எளிய இலக்காகியது. முதலில் காக்கியையே பச்சைச் சாயத்தில் முக்கினார்கள். பிறகு 'ஜங்கிள் கிரீன்' எனப்படும் காட்டுப் பச்சைத் துணியை இந்தியாவிலேயே பெருமளவில் தயாரித்தார்கள். 1944 ஏப்ரலுக்கு இதுதான் பொருத்தம். மேற்சட்டை காற்றோட்டமுள்ள சிறு துளை நெசவுப் பருத்தித் துணியால் ஆனது. கால்சட்டை கெட்டியான பருத்தித் துணி.

அந்தச் சாயம் துவைக்கத் துவைக்க வெளுத்தது. ஒரே பிளட்டூனில் ஒருவர் சட்டை கரும்பச்சையாகவும் மற்றவர் சட்டை சாம்பல் கலந்த பச்சையாகவும் இருந்திருக்கும். ஆகவே கடையில் கிடைக்கும் பளிச்சென்ற புதுத் துணியைப் பலமுறை துவைத்து வெயிலில் காயவைத்து அணிவதே உண்மைக்கு நெருக்கமானது.

தலையில் என்ன அணிவது? இந்தியச் சிப்பாய் என்றாலே தலைப்பாகை என்று பலர் நினைக்கிறார்கள். சீக்கியர்கள் போர்க்களத்திலும் தலைப்பாகையோடுதான் இருந்தார்கள். பஞ்சாப் முஸ்லிம் வீரர்கள் 'குல்லா' என்ற கூம்பு வடிவத் தொப்பியைச் சுற்றித் தலைப்பாகை கட்டுவார்கள். நாம் வீட்டில் சொல்லும் குல்லாவும் இதே சொல்தான், வடிவம்தான் வேறு. ஆனால் 1944இல் பர்மாக் காட்டில், ஸ்லவுச் ஹாட் எனப்படும் அகன்ற விளிம்புள்ள கம்பளித் தொப்பி, பின்னல் கம்பளிக் குல்லாய், வலை போர்த்திய எஃகுத் தலைக்கவசம் ஆகியவை பரவலாக இருந்தன. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அந்தப் பட்டாலியனின் அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அழகாக இருக்கிறது என்பதற்காக அணிவகுப்புத் தலைப்பாகையைக் காட்டுப் போருக்குக் கட்டிச் செல்வது சரியாகாது.

காலில் 'அம்யூனிஷன் பூட்' எனப்படும் கறுப்புத் தோல் காலணி. அதன் அடியில் இரும்பு ஆணிகள் இருக்கும். கணுக்காலில் பட்டீஸ் எனப்படும் துணிப்பட்டையைச் சுற்றுவார்கள், அல்லது கெட்டித் துணியாலான கணுக்கால் உறை அணிவார்கள். சேறும் அட்டையும் நிறைந்த காட்டில் இவை தேவையாயின. இங்கே ஓர் எச்சரிக்கை. ஆணி அடித்த காலணி ஈரமான கல்லிலும் கட்டைகளிலும் வழுக்கும். வெளித்தோற்றம் அதேபோல இருக்க, அடியில் ரப்பர் உள்ள காலணியை அணிவது நல்லது. விழுந்து கால் ஒடிவதால் வரலாறு கூடுதலாகச் சரியாகிவிடாது.

தோளில் 5ஆவது டிவிஷனின் அடையாளம் கறுப்புத் துணியில் சிவப்பு வட்டம். 'நெருப்புப் பந்து' என்று அதை அழைத்தார்கள். போர்முனையில் இத்தகைய அடையாளங்களைக் கழற்றி வைப்பதும் வழக்கம். எனவே அது இல்லாமலிருப்பது குறையல்ல.

வெப்பிங்: இடுப்பிலும் தோளிலும்

சிப்பாய் சுமக்கும் இடுப்புப் பட்டை, தோள்பட்டைகள், தோட்டாப் பைகள், தண்ணீர்க் குப்பியின் உறை, முதுகுப்பை எல்லாம் சேர்ந்த தொகுதியை 'வெப்பிங்' என்பார்கள். கெட்டியாக நெய்த பருத்திப் பட்டையால் ஆனது. நம் எடுத்துக்காட்டுக்கு வேண்டியது '1937 பேட்டர்ன்' என்ற வகை. மார்புக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டு பெரிய பைகள். பிரென் துப்பாக்கியின் மேகசின்கள் உள்ளே நுழையும் அளவில் அவை வடிவமைக்கப்பட்டன. பிரென்காரர் ஒருவராக இருந்தாலும் அவருக்கான குண்டுகளைப் பிரிவிலுள்ள எல்லாரும் சுமந்தார்கள் என்பதே காரணம்.

இந்தியாவில் தயாரான வெப்பிங்கின் நெசவு பிரிட்டனில் தயாரானதைவிடக் கரடுமுரடாக இருக்கும். பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதற்கு மேல்நோக்கிய அம்புக்குறி முத்திரை உண்டு. இந்தியப் பொருட்களில் அந்த அம்புக்குறியின் கீழே 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். பழைய பொருள் வாங்குபவர் முதலில் தேட வேண்டியது இந்த முத்திரையையும் ஆண்டையும்தான்.

அசல் பழம்பொருள் வாங்குவதா, புதிதாகச் செய்த மறுதயாரிப்பு வாங்குவதா? களத்துக்கு மறுதயாரிப்பே போதும். எண்பது ஆண்டுப் பழைய துணியும் தையலும் ஓடி உருளும்போது கிழியும். ஒரு வீரர் அணிந்த அசல் பொருள் கையில் கிடைத்தால், அதைப் பாதுகாத்து வைத்து அதன் அளவையும் தையலையும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சேற்றில் இழுக்கக்கூடாது.

துப்பாக்கி

சிப்பாயின் துப்பாக்கி லீ என்ஃபீல்ட் எண் 1 மார்க் 3. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் இது தயாரானது. நம் ஊரில் காவலர்களின் தோளில் பல ஆண்டுகள் தொங்கிய 'த்ரீ நாட் த்ரீ' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மேகசினில் பத்துத் தோட்டாக்கள். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். இதன் ஏர்சாஃப்ட் வடிவங்கள் பெரும்பாலும் ஸ்பிரிங்கில் இயங்குபவை. அவையும் ஒவ்வொரு குண்டுக்கும் இழுத்துத் தள்ள வேண்டியவையே.

ஒரு பிரிவில் ஏறத்தாழ பத்துப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு பிரென் இலகு இயந்திரத் துப்பாக்கி. பிரிவுத் தலைவரிடம் தாம்சன் துப்பாக்கி இருக்கலாம். மற்ற அனைவரிடமும் லீ என்ஃபீல்ட். ஆகவே பத்துப் பேர் கொண்ட குழுவில் எல்லாரும் தாம்சனை ஏந்தி வந்தால் அது தவறான படம். வரலாற்று ஆட்டங்கள் பலவற்றில் இதற்கென்றே விதி உண்டு. தானியங்கிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவார்கள். உண்மைத் துப்பாக்கி எத்தனை தோட்டா கொண்டதோ அத்தனை உருண்டைகளே மேகசினில் இருக்கலாம் என்பார்கள். லீ என்ஃபீல்டுக்குப் பத்து, பிரெனுக்கு முப்பது.

இளைஞர்களுக்கு முதலில் இது அலுப்பாகத் தோன்றும். ஆனால் பத்தே குண்டு, ஒவ்வொன்றுக்கும் போல்ட்டை இழுக்க வேண்டும் என்ற நிலையில்தான், மறைவில்லாத சரிவில் ஏறுவது என்றால் என்ன என்று கொஞ்சமாவது புரியத் தொடங்கும்.

பயனெட் எனப்படும் துப்பாக்கி முனைக் கத்தியில் உண்மையானதைக் களத்துக்குக் கொண்டுசெல்லக் கூடாது. ரப்பரால் ஆனது போதும், அல்லது உறை மட்டும் போதும்.

அடிக்கடி நேரும் காலப் பிழைகள்

நம் எடுத்துக்காட்டில் பலரும் சறுக்கும் இடங்கள் சில உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால் பணம் மிஞ்சும்.

'ஜங்கிள் கார்பைன்' எனப்படும் குட்டையான லீ என்ஃபீல்ட் எண் 5 பெயரிலேயே காடு இருப்பதால் பலரும் பர்மாவுக்கு அதை வாங்குகிறார்கள். அதன் உற்பத்தியே 1944இல்தான் தொடங்கியது. இம்பால் முற்றுகையில் அதற்கு இடமில்லை.

'1944 பேட்டர்ன்' வெப்பிங் காட்டுப் போருக்கென்றே வடிவமைக்கப்பட்டது உண்மை. ஆனால் அது வீரர்கள் கைக்குப் பரவலாக வந்தது போர் முடிந்த பிறகு. பெயரிலுள்ள ஆண்டை நம்பி வாங்கக்கூடாது. ஒரு பொருள் வடிவமைக்கப்பட்ட ஆண்டு வேறு, சிப்பாயின் இடுப்புக்கு வந்து சேர்ந்த ஆண்டு வேறு.

பர்மா ஸ்டார் என்ற பதக்கம் 1945இல்தான் நிறுவப்பட்டது. 1944ஆம் ஆண்டு சிப்பாயின் மார்பில் அது இருக்க முடியாது. காலப்பிழை என்பதைவிடப் பெரிய காரணம் ஒன்று இதில் உண்டு. பதக்கம் ஒருவர் தம் உயிரைப் பணயம் வைத்துப் பெற்றது. விளையாட்டுக்காக அதை அணிவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. சீருடை அணியலாம், பதக்கம் வேண்டாம் என்பதே நம் ஆலோசனை.

பதவிப் பெயர்களிலும் பிழை வரும். இந்தியப் பட்டாலியனில் 'சார்ஜென்ட்' இல்லை. சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார் என்பதே வரிசை. படையில் பொது மொழியாக இருந்தது ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட உருது. இந்தப் பெயர்களையும் நான்கைந்து கட்டளைச் சொற்களையும் கற்றுக்கொள்ளச் செலவு எதுவும் இல்லை. விலையுயர்ந்த துப்பாக்கியைவிட அவை உண்மைக்கு நெருக்கமாகக் கொண்டுசெல்லும்.

எங்கே தேடிச் சரிபார்ப்பது?

திரைப்படத்தையும் வீடியோ விளையாட்டையும் சான்றாகக் கொள்ள வேண்டாம். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் போர்க்காலப் படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. இடமும் காலமும் குறித்த விவரத்தோடு அவை இருக்கும். ஒரே ஒரு படத்தை வைத்து முடிவு செய்யாமல், ஒரே இடத்தின், ஒரே காலத்தின் பல படங்களைப் பார்க்க வேண்டும். பத்துப் படங்களில் எட்டில் இருப்பதை அணிய வேண்டும். ஒன்றில் மட்டும் தென்படும் அபூர்வப் பொருளைத் தவிர்க்க வேண்டும்.

லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பட்டாலியன்களின் போர் நாட்குறிப்புகள் உள்ளன. அன்றன்று எங்கே இருந்தார்கள், என்ன நடந்தது என்று அதிகாரிகள் எழுதியவை அவை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இறந்த வீரர்களின் பெயரும், படைப்பிரிவும், அடங்கிய இடமும் கிடைக்கும். பிள்ளை ஒருவன் ஆட்டத்துக்கு முந்தைய வாரம் அந்தப் பட்டியலில் தன் பட்டாலியனின் பெயர்களைப் படித்துவிட்டுச் செல்வானேயானால், களத்தில் அவனுடைய நடத்தையே மாறும்.

வீட்டிலும் தேடலாம். தென்னிந்தியர் பலர் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையில் பாலம் அமைத்தும் பாதை வெட்டியும் பணியாற்றினார்கள். பாட்டனார் காலத்துப் பெட்டியில் ஒரு பணிச்சான்றோ படமோ இருக்கக்கூடும். அப்படி இருந்தால் உடை தேடும் வேலையை அதிலிருந்தே தொடங்கலாம்.

காலத்துக்கு ஏற்காதவை, ஆனால் கட்டாயமானவை

1944இல் எந்தச் சிப்பாயும் பாலிகார்பனேட் கண்ணாடி அணியவில்லை. ஆனாலும் ஏர்சாஃப்ட் களத்தில் கண் பாதுகாப்பு இல்லாமல் ஒரு நொடியும் நிற்கக்கூடாது. வாங்கும் கண்ணாடி இஎன் 166 அல்லது ஏஎன்எஸ்ஐ இசட்87.1 என்ற தரக் குறியீடு பெற்றிருக்க வேண்டும். முகத்தோடு இடைவெளியின்றி ஒட்டியிருக்க வேண்டும். பழைய காலத்து அசல் கண்ணாடியோ, மூக்குக் கண்ணாடியோ இதற்கு ஈடாகாது. பற்களையும் காக்க முகத்தின் கீழ்ப்பாதியை மூடும் கவசம் தேவை. 18 வயதுக்கு உட்பட்டோருக்கு முழு முகக் கவசத்தைப் பல களங்கள் கட்டாயமாக்கியுள்ளன. கட்டாயமில்லாத களத்திலும் பெற்றோர் அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

"முகக்கவசம் போட்டால் அந்தக் காலத்து மாதிரி இல்லையே" என்று பிள்ளை சொல்வான். பச்சையோ காக்கியோ துணி சுற்றிப் பளபளப்பை மறைக்கலாம். அதற்கு மேல் விட்டுக்கொடுக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரிட்டனில் 2006ஆம் ஆண்டின் வன்குற்றக் குறைப்புச் சட்டத்தின்படி, அசல் போலத் தோன்றும் போலித் துப்பாக்கியை யாருக்கும் விற்றுவிட முடியாது. 18 வயதுக்கு உட்பட்டோருக்குப் போலித் துப்பாக்கி விற்பது குற்றம். காப்பீடு பெற்ற களத்தில் ஏர்சாஃப்ட் விளையாடுபவருக்கு விலக்கு உண்டு. அதை உறுதிப்படுத்த 'உகாரா' என்ற பதிவு முறையைக் கடைகள் பின்பற்றுகின்றன. பதிவு பெற்ற களத்தில் 56 நாட்களுக்குக் குறையாத காலப்பகுதியில் மூன்று முறையாவது விளையாடியவருக்கே அந்தப் பதிவு கிடைக்கும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஆற்றல் வரம்பையும் வகுத்தது. தானியங்கிக்கு 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5 ஜூல். அதைத் தாண்டினால் அது பொம்மையாகக் கருதப்படாது.

தக்க காரணமின்றிப் பொது இடத்தில் போலித் துப்பாக்கியை வைத்திருப்பதும் குற்றம். களத்துக்குச் செல்லும்போது மூடிய பெட்டியில் வைத்து, நேராகச் சென்று நேராகத் திரும்ப வேண்டும். பேருந்து நிறுத்தத்தில், உணவகத்தில், பள்ளிவாசல் வளாகத்தில், வீட்டு வாசலில் படம் எடுப்பதற்காகக்கூட வெளியே எடுக்கக் கூடாது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது பொம்மை என்று தெரியாது. ஆயுதம் ஏந்திய காவலர்கள் வந்து நின்ற பிறகு விளக்கம் சொல்ல நேரம் இருக்காது. சீருடையணிந்த படத்தைத் துப்பாக்கியோடு சமூக ஊடகத்தில் போடுவதும் வேண்டாத சிக்கலை வரவழைக்கும். நம் பிள்ளைகள் இதில் மற்றவரைவிடக் கூடுதல் கவனமாக இருக்க வேண்டிய காலம் இது.

ஒரு நாட்டில் சட்டப்படி வாங்கியது இன்னொரு நாட்டில் குற்றமாகலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பொதுமக்கள் ஏர்சாஃப்ட் துப்பாக்கி வைத்திருக்க அனுமதி இல்லை. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். விமான நிலையத்தில் அது விளையாட்டுப் பொருளாகப் பார்க்கப்படாது.

எந்தப் பக்கம் நிற்பது?

போர் விளையாட்டில் எதிர்ப்பக்கமும் ஒருவர் நிற்க வேண்டும். ஆனால் எல்லாச் சின்னமும் ஒன்றல்ல. நாஜிகளின் ஸ்வஸ்திகா, எஸ்எஸ் சின்னங்கள் இனப்படுகொலையின் அடையாளங்கள். ஜெர்மனியில் அவற்றைப் பொதுவில் காட்டுவது குற்றம். குற்றமாக இல்லாத நாட்டிலும், அவற்றால் குடும்பத்தை இழந்தவர்கள் பக்கத்து வீட்டில் வாழக்கூடும். 'வரலாற்றுத் துல்லியம்' என்ற பெயரில் நம் பிள்ளை அதை அணிய வேண்டிய தேவை எதுவும் இல்லை.

இம்பாலைப் பொறுத்தவரை இன்னொரு உண்மையும் உண்டு. அங்கே இந்தியர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம் ஜப்பானியரோடு வந்தது. 1944 ஏப்ரல் 14 அன்று மொய்ராங்கில் அதன் கொடியை ஏற்றியவர் கர்னல் ஷௌகத் மாலிக். அப்துல் ஹஃபீஸ் உயிர் நீத்து எட்டு நாட்களே ஆகியிருந்தன. அந்த இராணுவத்தில் மலேயா தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அவர்கள் ஏந்தியதிலும் அணிந்ததிலும் பெரும்பகுதி, சிங்கப்பூரில் சரணடைந்த பிரிட்டிஷ் படையிடமிருந்து வந்தவை. அதாவது எதிரெதிரே நின்ற இருவர் கையிலும் அதே லீ என்ஃபீல்ட் இருந்திருக்கக்கூடும்.

யார் செய்தது சரி என்று ஒரு நாள் ஆட்டத்தில் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒருவர் வயிற்றுப்பாட்டுக்குச் சேர்ந்தார், ஒருவர் குடும்ப வழக்கத்தால் சேர்ந்தார், ஒருவர் நாட்டு விடுதலைக்காகச் சேர்ந்தார். சீருடை தேடும் பிள்ளைக்கு இது தெரிந்திருந்தால், எதிரே நிற்பவரை வெறும் இலக்காக மட்டும் பார்க்க மாட்டான்.

பெற்றோருக்கு

சகோதரர் ஒருவரை நோக்கி விளையாட்டாகக்கூட ஆயுதத்தை நீட்டக்கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். கை தவறித் தீங்கு நேர்ந்துவிடக்கூடாது என்பதும், ஒரு மனிதரை அச்சுறுத்தக்கூடாது என்பதும் அதன் பின்னுள்ள அக்கறை. ஏர்சாஃப்டில் எல்லாரும் விதியை அறிந்து, ஒப்புக்கொண்டு, கவசம் அணிந்து களத்துக்குள் வருகிறார்கள் என்பது ஒரு வேறுபாடு. ஆனால் களத்துக்கு வெளியே அந்த வேறுபாடு இல்லை. வீட்டில் தம்பியை நோக்கியோ தெருவில் நண்பரை நோக்கியோ அதை நீட்டுவது எந்நாளும் கூடாது. இந்த ஒன்றில் பிள்ளை தவறினால், அன்றோடு அந்தக் கருவியை வாங்கிப் பூட்டி வைப்பதே பெற்றோர் செய்ய வேண்டியது.

இதில் மனம் ஒப்பாத பெற்றோர் அனுமதி மறுத்தால் அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைக்கு வரலாற்றில் ஆர்வம் இருந்தால் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் எப்போதும் திறந்தே இருக்கின்றன.

அனுமதிப்பதானால் இந்த வரிசையில் செல்லலாம். முதல் மாதம் எதையும் வாங்காமல் ஒரு காப்பீடு பெற்ற களத்துக்குப் பிள்ளையோடு நீங்களும் சென்று பாருங்கள். துப்பாக்கியும் கவசமும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். மூன்று முறை விளையாடிய பிறகும் ஆர்வம் இருந்தால், தரமான கண், முகக் கவசத்தைச் சொந்தமாக வாங்குங்கள். அடுத்து, படைப்பிரிவு, இடம், காலம் மூன்றையும் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத முடியாதவனுக்குச் சீருடை இன்னும் தேவையில்லை என்று பொருள். எழுதித் தந்தால் காலணியும் கால்சட்டையும் முதலில், சட்டையும் தொப்பியும் அடுத்து, வெப்பிங் அதற்கடுத்து. துப்பாக்கி கடைசியில்.

அந்த ஒரு பக்கத்தில் ஒரு வீரரின் பெயரும் இருக்கட்டும். அவர் எந்த ஊரில் பிறந்தார், எந்தக் குன்றில் இறந்தார், எங்கே அடங்கியிருக்கிறார் என்று பிள்ளை தேடி எழுதட்டும். சட்டையின் பச்சை நிறம் சரியா என்று களத்தில் பத்துப் பேர் சரிபார்ப்பார்கள். அந்தப் பெயரைக் கேட்க வீட்டில் நாம்தான் இருக்கிறோம்.